பாஸ்கர் பேசி முடிக்கட்டும்

இந்த விடுதிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். நல்ல வார்த்தைக்குப் பெயர் போனவள் இல்லை நான். இங்கே கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே டிவி சத்தம் குறைந்துவிடும். ஆனாலும் கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். எப்படித் தூக்குவது, எப்படிக் குளிப்பாட்டுவது, எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. பாஸ்கரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அதற்கு முன் இந்த இடம் எப்படி உண்டானது என்று தெரிய வேண்டும். வாசலில் பதித்திருக்கும் கல்லில் பெரிய மனிதர்களின் பெயர்கள் இருக்கும், நடந்த கதை இருக்காது. பெங்களூர் அல்சூரில் ஏரிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் நாலைந்து பெண்கள் சேர்ந்து இதைத் தொடங்கியபோது இது விடுதியே இல்லை. காலையில் கொண்டுவந்து விட்டு மாலையில் கூட்டிக்கொண்டு போகிற இடம். கைகால் வசப்படாத பிள்ளைகள், பேச்சு வராத பிள்ளைகள், வீட்டில் எல்லோரும் கூலி வேலைக்குப் போய்விட்டால் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகள் எல்லோரும் அங்கே வருவார்கள். ஒருநாள் சாயங்காலம் ஒரு பிள்ளையைக் கூட்டிப் போக யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பாய் விரித்தார்கள். அதன்பிறகு இன்னொரு பிள்ளை. இப்படித்தான் இது விடுதி ஆனது. பிற்பாடுதான் சொந்த இடமும் கட்டடமும் சாய்வுப் பாதையும் எல்லாம் வந்தன.

கூட்டிப் போக ஆள் வராதவர்களின் வீடு என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் கேசரி. அவருக்குச் சாப்பாட்டு மேசையில் எந்த இடம் வேண்டும் என்று கேட்டு, அங்கே உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும். அழகான வழக்கம், இன்றும் இருக்கிறது. ஆனால் ஒருவர் இங்கிருந்து புறப்பட்டுப் போனால் என்ன செய்வது என்று ஒரு வழக்கமும் எங்களிடம் இருக்கவில்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

பாஸ்கர் சின்ன வயதிலேயே வந்துவிட்டவர். அப்பாவுக்குக் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை. அம்மா இறந்ததும், கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் இவரையும் சேர்த்துப் பார்க்க முடியாமல் அப்பா இவரை இங்கே கொண்டுவந்து விட்டார். பிறவியிலேயே கைகால் இழுத்துக்கொள்ளும். சக்கர நாற்காலி. புத்தி எங்களில் பலரைவிடத் தெளிவு. பேச்சு மட்டும் மெதுவாக வரும். ஒரு சொல்லுக்காகத் தாடை, கழுத்து, தோள் என்று உடம்பு முழுக்கப் பாடுபட வேண்டும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் நாம் ஒரு வெங்காயத்தை உரித்துவிடலாம்.

அவர் என்றால் இங்கே எல்லோருக்கும் உயிர். அந்த உயிரில்தான் வினையே இருந்தது. பாஸ்கர் வாயைத் திறந்தால் போதும், அவர் என்ன சொல்ல வருகிறார் என்று யார் முதலில் கண்டுபிடிப்பது என்று எங்களுக்குள் போட்டி. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். சமையல்கார சாந்தம்மாதான் எப்போதும் முந்திக்கொள்வாள்.

"எ…" என்று ஆரம்பிப்பார் பாஸ்கர்.

"எனக்கு டீ வேணும்னு கேக்கறான். இருடா ராஜா, இதோ கொண்டாறேன்."

டீ வரும். பாஸ்கர் சிரிப்பார். குடிப்பார். "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று சாந்தம்மா இடுப்பில் கைவைத்து நிற்பாள். நானும் இந்தப் போட்டியில் சளைத்தவள் இல்லை. புதிதாக யாராவது பார்வையிட வந்தால், "எங்களுக்கு அவர் சொல்லாமலே புரியும்" என்று பெருமையடித்துக்கொள்வேன். வந்தவர்களும் கண் கலங்கிவிட்டுப் போவார்கள்.

அவருடைய தம்பி குமரேசன் வளர்ந்த பிறகு அவ்வப்போது பார்க்க வருவார். தங்கவயலிலிருந்து ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில் ஸ்டேஷனிலிருந்து நேரே இங்கே வந்து, அண்ணன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு ஓடுவார். பிறகு ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, சந்தாபுராவில் ஒரு சின்ன வீடும் கட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி மஞ்சுளாவையும் கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"அக்கா, வீடு முடிஞ்சிது. கீழ ஒரு ரூம் அண்ணனுக்குன்னே வுட்டு வெச்சிருக்கேன். இட்டுகினு போலாம்னு வந்திருக்கோம்."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கூட்டிப் போக ஆள் வரவில்லையே என்றுதானே இந்த இடமே உண்டானது! ஆனால் எனக்கு வந்தது எரிச்சல். இத்தனை வருஷம் ஊட்டி வளர்த்தது நாங்கள், இப்போது ஒரு ரூம் கட்டிவிட்டதால் இவர் வந்து கேட்பாரா என்று மனதுக்குள் குமைந்தேன். வெளியே மட்டும், "கமிட்டியில பேசித்தான் சொல்ல முடியும்" என்று அதிகாரியாகப் பதில் சொன்னேன்.

எரிச்சல் ஒருபுறம் இருக்க, பயமும் நியாயமாகவே இருந்தது. எங்கள் விதிப்படி ஒருவர் வீட்டோடு போய்விட்டால் அந்தக் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். அப்போது மகனுக்கு ஒரு கட்டில் கேட்டுக் காத்திருந்தவர் ஒரு வயதான அம்மா. வளர்ந்துவிட்ட அவனைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பு தேய்ந்து போனவர். கொஞ்ச நாளைக்குக் கட்டிலை வைத்திருக்கலாமா என்று செயலாளரிடம் கேட்டேன். "அந்த அம்மாகிட்ட நீங்களே போய் இன்னும் பொறுங்கன்னு சொல்றதா இருந்தா வெச்சிருக்கேன்" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. ஆக, பாஸ்கர் போனால் போனதுதான். அங்கே ஒத்துவராவிட்டால் திரும்பி வர இங்கே இடம் இருக்காது.

கமிட்டி கூடியது. செயலாளர், உறுப்பினர்கள், குமரேசன், மஞ்சுளா, நடுவில் பாஸ்கர். கதவோரத்தில் தலையை நீட்டிக்கொண்டு சாந்தம்மா. அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளைப் போகச் சொல்லும் தைரியமும் யாருக்கும் இல்லை.

செயலாளர் நல்ல மனிதர், அவசரக்காரர். "பாஸ்கர், தம்பி கூப்பிடறார். நீ என்ன சொல்றே? நம்ம கூடயே இருக்கியா?" என்றார்.

"நா…" என்றார் பாஸ்கர்.

"நான் போகலன்னு சொல்றான்" என்றாள் சாந்தம்மா கதவிலிருந்து.

அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கும்தான். செயலாளர் தலையாட்டிக்கொண்டே பேனாவை எடுத்துவிட்டார். குமரேசன் முகம் தொங்கிப்போனது. "செரி, அண்ணன் இஷ்டம்" என்று எழுந்திருக்கப் போனார்.

அப்போது நான் பாஸ்கரைப் பார்த்தேன். யாராவது அவருக்காகப் பேசி முடித்துவிட்டால் அவர் சிரிப்பார் என்று சொன்னேன் அல்லவா? அன்று சிரிக்கவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் இங்கே பொறுப்பில் இருந்த மேட்ரன் ஒரு மங்களூர்க்காரர். சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் யாராவது குனிந்து பேசினால் அவருக்குப் பிடிக்காது. பின்னாலேயே ஒரு நாற்காலியை இழுத்து வந்து முழங்காலில் இடித்து உட்கார வைப்பார். "குனிஞ்சு பேசறவன் எப்ப நிமிர்ந்து ஓடலாம்னே பாத்துகினு இருப்பான். உக்காந்தவன்தான் கேப்பான்" என்பார். பல வருஷம் அதை நம் இடுப்பு வலிக்காமல் இருக்கச் சொன்ன யோசனை என்றே நினைத்திருந்தேன். அன்றுதான் அவர் சொன்னது புரிந்தது. ஒரு நாற்காலியை இழுத்து பாஸ்கருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

"அவர் இன்னும் முடிக்கல" என்றேன்.

"சொல்லிட்டானேக்கா" என்றாள் சாந்தம்மா.

"அவர் 'நா'ன்னு மட்டும்தான் சொன்னார். மிச்சத்த நீ சொன்னே. யாரும் வாயத் திறக்கக் கூடாது. செயலாளர் சார், உங்களையும் சேத்துத்தான் சொல்றேன், பேனாவ மூடுங்க."

சத்தமாகச் சொல்லிவிட்டேன். என் குரல் அப்படி. செயலாளர் பேனாவை மூடினார்.

காத்திருந்தோம். கேட்க எளிதாக இருக்கும், செய்து பாருங்கள். பாஸ்கரின் கழுத்து நரம்பு புடைக்கிறது, கை தன்னால் மேலே போகிறது, வாய் ஒருபக்கம் இழுக்கிறது, சத்தம் வரவில்லை. ஃபேன் சுற்றுகிறது. ஒரு உறுப்பினரின் போன் அடிக்கிறது, அவர் பதறி அணைக்கிறார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் பத்து வாக்கியம் வந்து நிற்கிறது. எதையாவது சொல்லி அவர் படும் பாட்டை நிறுத்திவிட மாட்டோமா என்று துடிக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு வெட்டவெளிச்சமானது. இத்தனை காலமும் நாங்கள் முடித்து வைத்தது அவர் கஷ்டப்படுகிறாரே என்பதற்காக மட்டும் அல்ல. அதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியவில்லை. பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

"நா… தம்பி… வீட்டுக்கு… போ…றேன்."

சொல்லிவிட்டார். சாந்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அடுத்த நொடி ஓவென்று அழுதுவிட்டாள். "நாங்க இன்னாடா கொற வெச்சோம் ஒனக்கு? இன்னா கொற, சொல்லு!"

இந்த முறை யாரும் குறுக்கே பேசவில்லை. பாஸ்கர் அவள் பக்கம் திரும்பவே கொஞ்ச நேரம் ஆனது.

"கொற… இல்ல. டீ… மட்டும்… புடிக்காது."

முதலில் குமரேசன் சிரித்தார், செயலாளர் சிரித்தார், பாஸ்கர் உடம்பு குலுங்கச் சிரித்தார். சாந்தம்மா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே, "அப்ப இத்தினி வருசம் ஏண்டா குடிச்ச பாவி!" என்று அவர் தோளில் ஒன்று வைத்தாள். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. விருந்தாளிகளிடம் நான் அடித்துக்கொண்ட பெருமையெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

திரும்பி வர இடம் இருக்காது என்பதைச் செயலாளர் அவரிடமே விளக்கிச் சொன்னார். பாஸ்கர் "தெரியும்" என்றார். அதற்குப் பிறகு செயலாளர் என்னைப் பார்த்தார். "நீங்க சரின்னு சொன்னா அனுப்பிடலாம். பொறுப்பு உங்களுது."

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் ஆசைப்படுகிறார் என்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. குமரேசன் பகல் முழுக்கத் தொழிற்சாலையில் இருப்பார். வீட்டில் தையல் மெஷினோடு இருக்கப்போவது மஞ்சுளாதான். தூக்குவது அவர், குளிப்பாட்டக் கைகொடுப்பது அவர். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைத் தனியே வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன்.

"உன்னால முடியுமாம்மா?"

அவர் யோசித்தார். "தெரியலக்கா. இந்த மாதிரி யாரையும் நான் பாத்துகினது இல்ல. எனக்குக் கோவம் வேற வரும். முடியலன்னா இங்கயே வந்து உங்க முன்னாடி நின்னு கத்துவேன்."

எத்தனையோ சொந்தக்காரர்களை அந்த வராந்தாவில் பார்த்திருக்கிறேன். "கண்ணுல வெச்சுப் பாத்துக்குவோம்" என்று சொன்னவர்களும் உண்டு, அடுத்த பண்டிகைக்கு எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் அவர்களே. தெரியாது என்று சொன்ன முதல் ஆள் மஞ்சுளா. தனக்குக் கோபம் வரும் என்று முன்னாலேயே சொன்னவரும் அவர்தான். நான் உள்ளே போய்ச் சரி என்றேன். சரியாகத்தான் செய்தேனா என்று அன்று யாராவது கேட்டிருந்தால், மஞ்சுளா சொன்னதையே நானும் சொல்லியிருப்பேன்.

பாஸ்கர் புறப்பட்ட அன்று இங்கே பெரிய குழப்பம். வருகிறவர்களுக்குக் கேசரி, போகிறவர்களுக்கு என்ன? சாந்தம்மா விடிந்ததிலிருந்து என்னைக் கேட்டுக் குடைந்தாள். எனக்கும் தெரியவில்லை. கடைசியில் அவளாகவே பாயசம் வைத்தாள், அதில் அழுத அழுகையில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். எல்லோரும் மறுபேச்சில்லாமல் குடித்தோம். வண்டி கேட்டைத் தாண்டியதும் மேசையில் அவர் இடத்துக்குப் பக்கத்தில் உட்காரும் ஒருவர் சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிட்டார். நான் அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

அதன்பிறகு போன் செய்து நச்சரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நான் கூப்பிட்டால் குமரேசன் எடுப்பார், "அண்ணன் நல்லா கீறாரு அக்கா" என்பார். அது குமரேசனின் வாக்கியம். பாஸ்கரின் வாக்கியம் எனக்கு வேண்டும் என்றால் நேரில்தான் போக வேண்டும். கொஞ்ச நாள் பொறுத்துவிட்டு ஒரு காலையில் சந்தாபுராவுக்குப் பஸ் பிடித்தேன். கையில் சாந்தம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா. அந்தப் போக்குவரத்து நெரிசலில் போய் இறங்குவதற்குள் பாதி முறுக்கு நொறுங்கிப்போனது.

தெரு முனையிலேயே சத்தம் கேட்டது. ஒரு பெண் உச்சக் குரலில் கத்திக்கொண்டிருந்தார். வீட்டை நெருங்க நெருங்க அது மஞ்சுளாவின் குரல் என்று தெரிந்தது. கட்டிலும் போய்விட்டது, பொறுப்பு என்னுடையது, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று படபடத்துக்கொண்டே வாசல் ஏறினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. தையல் மெஷின்மேல் பாதி தைத்த ஜாக்கெட். மஞ்சுளா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். எதிரே சக்கர நாற்காலியில் பாஸ்கர். கொஞ்சம் கறுத்திருந்தார். முடியைப் புது மாதிரி வெட்டிவிட்டிருந்தார்கள்.

"வாங்கக்கா, நீங்களே கேளுங்க இந்த நியாயத்த!" என்றார் மஞ்சுளா என்னைப் பார்த்ததும். "நான் மெஷின்ல உக்காந்திருக்கேன். இவரு ரோட்ல போற யாரோ ஒரு ஆள கூப்ட்டு, தள்ளிகினு போகச் சொல்லி, பஸ் ஸ்டாண்டு வரிக்கும் போயிட்டு வந்திருக்காரு. ஒரு வார்த்தை சொல்லல. நான் தெரு தெருவா பைத்தியக்காரி மாதிரி தேடிகினு வரேன், இவரு அங்க சுகமா லெமன் ஜூஸ் குடிச்சிகினு கீறாரு! பேஜாரா இருந்தா சொல்லணும் இல்ல மாமா? இப்ப சொல்லுங்க. ஏன் சொல்லாம போனீங்க?"

இங்கே இருந்தவரை பாஸ்கரை ஒருவர்கூடத் திட்டியதில்லை. நான் எல்லோரையும் கடித்துக் குதறுவேன், அவரை மட்டும் மாட்டேன். அவரைப் போய் யாராவது திட்டுவார்களா?

பாஸ்கர் பதில் சொல்லத் தொடங்கினார். கழுத்து புடைத்தது, கை மேலே போனது. மஞ்சுளா அப்படியே நின்றார். அவர் முகத்தில் கருணை ஒன்றும் இல்லை. கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. சண்டை போடுகிற ஆள் எதிராளியின் பதிலுக்குக் காத்திருப்பது மாதிரி, ஒரு சொல்லையும் விட்டுவிடக் கூடாது என்று காத்திருந்தார்.

"கூப்ட்டா… நீ… கத்துவ."

"அதுக்கு? நான் கத்தினா காது செவுடாயிடுமா? கத்திட்டு நானே தள்ளிகினு போவேன் இல்ல? அப்புறம்? இன்னும் இன்னாமோ சொல்ல வந்தீங்களே, அதையும் சொல்லுங்க."

பாஸ்கர் மறுபடி வாயைத் திறந்தார். அவர் நெற்றியில் வேர்வை. எனக்குப் பொறுக்கவில்லை. பஞ்சாயத்துப் பண்ண ஆரம்பித்துவிட்டேன். "அது ஒண்ணும் இல்லம்மா, பாஸ்கர் என்ன சொல்ல வர்றார்னா…"

"அக்கா, நீங்க சும்மா இருங்க" என்றார் மஞ்சுளா. "அவரே சொல்லட்டும். நான் இவருகிட்டதான் சண்ட போடறேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். பாஸ்கர் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். எவ்வளவு நாள் கழித்துப் பார்க்கிறார், நல்லா இருக்கீங்களா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவில்லை, காத்திருந்தேன்.

"அக்கா… நீங்க… போயிட்டு… அப்புறம்… வாங்க. சண்ட… இன்னும்… முடியல."

முறுக்கு டப்பாவைத் தையல் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.